நிகழ்ச்சியைப் பதிவுசெய்வதா, பயிற்சியைப் பதிவுசெய்வதா?

பழைய_நாடா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு கதைப்பாடல் மரபைச் சேர்ந்த ஏறத்தாழ 240 ஒலிநாடாக்கள் எங்கள் குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆர்வலர்கள் பதிவுசெய்தவை அவை. பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை. அந்த மரபை முழுமையாக அறிந்தவர்களாக இப்போது மூவர் மட்டுமே இருக்கிறார்கள். மூவருமே எழுபது வயதைக் கடந்தவர்கள். கற்றுக்கொள்ள விரும்பி வருகிற இளைஞர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நாட்களில் மட்டும் வரக்கூடியவர்கள்.

எங்களிடம் ஒரு சிறு நன்கொடைத் தொகையும் ஆறு மாத காலமும் உள்ளன. அதற்குள் எல்லா நாடாக்களையும் டிஜிட்டல் கோப்புகளாக மாற்றிவிட வேண்டும் என்று ஒரு தரப்பினர் சொல்கிறார்கள். மூத்த கலைஞர்கள் மூவரையும் நல்ல ஒளி, ஒலி ஏற்பாட்டுடன் முழு நிகழ்ச்சியாகப் படம்பிடிப்பதுதான் முதல் வேலை என்று மற்றொரு தரப்பினர் சொல்கிறார்கள். இரண்டையும் செய்ய எங்களால் இயலாது. என் மனம் நாடாக்களின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

---

காப்பகத்தார்

நாடாக்களைத் தள்ளிப்போட முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காந்த நாடா தானாகவே சிதைந்துகொண்டிருக்கும் பொருள்; காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை நாளடைவில் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடுகிறது. அதைவிட அவசரமான சிக்கல், அவற்றை ஓட்டும் கருவிகள் மறைந்துவருவதுதான். உதிரிப் பாகங்களும் கிடைப்பதில்லை, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 2025ஆம் ஆண்டை ஒட்டி, காந்த நாடாக்களை முறையாக ஓட்டிக் கேட்பதே அரிதாகிவிடும் என்று ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் யுனெஸ்கோவின் திட்டம் ஒன்றும் இணைந்து 2019இல் எச்சரிக்கை விடுத்தன. அந்தக் காலம் வந்துவிட்டது.

செய்முறையில் நான் பட்டறிந்தவற்றைச் சொல்கிறேன். எந்த நாடாவையும் ஓட்டுவதற்கு முன், கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது. பூஞ்சை பிடித்த நாடாவை மற்றவற்றோடு ஒரே கருவியில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் முன்பாக, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஒலிமுனையைத் துடையுங்கள். ஒலிமுனையின் கோணம் ஒவ்வொரு நாடாவுக்கும் சற்று மாறும். மேல் சுருதிகள் மங்கலாகக் கேட்டால் கோணத்தைத் திருத்த வேண்டுமே தவிர, பின்னர் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

மூலக் கோப்பை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரண்டு தடங்கள் கொண்ட பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி பிடிக்கும். நாடாக்கள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று கொண்டால், உங்கள் தொகுப்பு முழுவதும் 500 ஜிபிக்குள் அடங்கிவிடும். இன்றைய வன்தட்டுகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உண்மையான செலவு நேரம்தான்: 240 மணி நேர நாடாவை 240 மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும், அதுவும் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். இரைச்சல் நீக்கம், மௌனங்களை வெட்டுதல் போன்ற எந்த 'மெருகேற்றலையும்' மூலக் கோப்பில் செய்யாதீர்கள். மெருகேற்ற விரும்பினால் ஒரு படி எடுத்து அதில் செய்யுங்கள். எது இரைச்சல், எது செய்தி என்பதை இன்று நாம் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

---

கற்றுக்குட்டி

காப்பகத்தார் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் இந்த இழையில் இதுவரை எவரும் எழுப்பாத ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன்: பதிவு யாருக்காக?

நான் ஒரு கூடை முடையும் மரபைக் காணொளிகள் வழியாகவே கற்க முயன்றவள். மிக நேர்த்தியாக எடுக்கப்பட்ட பதிவுகள் அவை. ஒளி அழகு, ஒலி தெளிவு. ஏழு மாதங்கள் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து முடைந்தேன். அடிப்பகுதி ஒருமுறை கூடத் தட்டையாக அமையவில்லை. பிறகு ஒரு மூத்த கைவினைஞரிடம் நேரில் சென்று அமர்ந்தேன். நான் முடைவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, என் இடதுகைக் கட்டைவிரலைத் தொட்டு, "இது ஏன் சும்மா இருக்கிறது?" என்று கேட்டார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த விரல் முந்தைய இழையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமாம். திரும்பி வந்து காணொளியைப் பார்த்தேன். அதில் கைவினைஞரின் வலதுகை முழுத் தெளிவுடன் தெரிகிறது; இடதுகைக் கட்டைவிரல் கூடையின் பின்னால் மறைந்திருக்கிறது. படம்பிடித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் அழகாக இருந்ததைப் பிடித்தார். முடையத் தெரிந்தவர்களுக்கோ அந்த விரலைப் பற்றிப் பேச வேண்டும் என்றே தோன்றியிருக்காது, ஏனெனில் அது அவர்கள் கைக்கு மூச்சைப் போல இயல்பாகிவிட்டது.

தேர்ந்த கலைஞரின் முழு நிகழ்ச்சி, கலையின் மிகக் கடினமான பகுதியை மறைத்துவிடுகிறது. அவரிடம் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம் இல்லாத இடத்தில் திருத்தமும் இல்லை. திருத்தம் இல்லாத பதிவிலிருந்து ஒரு மாணவர் தன் பிழையைக் கண்டுகொள்ள வழியே இல்லை. ஆகவே உங்கள் குழுவின் இரு தரப்பினருக்கும் மூன்றாவதாக ஒரு வழியை முன்வைக்கிறேன். அந்த நான்கு இளைஞர்களை மூத்தவர்கள் முன் அமர்த்துங்கள். அவர்கள் தவறாகப் பாடட்டும். மூத்தவர் எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லித் திருத்துகிறார், எதைச் சொல்லாமல் தானே பாடிக்காட்டுகிறார், எந்தத் தவற்றைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பதையெல்லாம் பதிவுசெய்யுங்கள். அதற்கு உயர்ந்த கேமரா வேண்டியதில்லை. சாதாரணக் கைப்பேசி இரண்டு போதும், ஒன்று கற்பிப்பவரை நோக்கியும் மற்றொன்று கற்பவரை நோக்கியும்.

---

மரவேலையாளன்

கற்றுக்குட்டி சொல்வதற்கு வலுவான சான்று ஒன்று என் தொழிலின் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து விழுந்தது. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கட்டடத்தை லேசர் மூலம் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். கூரையின் மரச்சட்டகத்தையும் கட்டடக் கலைஞர்கள் இருவர் 2014இல் தனியே அளந்திருந்தார்கள். இந்த அளவுகள் இல்லாமல் மீட்டெடுப்பு இவ்வளவு துல்லியமாக நடந்திருக்காது.

ஆனால் அளவுகள் உத்திரத்தைச் செதுக்கித் தருவதில்லை. பச்சை ஓக் மரத்தைக் கோடரியால், அதன் நாரோட்டம் அறிந்து செதுக்கத் தெரிந்த தச்சர்கள் வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் பர்கண்டிப் பகுதியில் உள்ள கெதெலோன் என்னும் இடத்திலிருந்து வந்தார்கள். அங்கே 1997 முதல், இடைக்காலக் கருவிகளையும் முறைகளையும் மட்டுமே கொண்டு ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள். கட்டி முடிப்பதை விட, கட்டுவதன் மூலம் அந்தக் கைத்திறனை அறிந்துகொள்வதே அவர்களின் நோக்கம். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. லேசர் அளவை, எதை அமைக்க வேண்டும் என்று சொன்னது. எப்படி அமைப்பது என்பதைத் தச்சர்களின் கைகள் அறிந்திருந்தன. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கூரை முன்பிருந்தவாறு எழுந்திருக்காது.

---

காப்பகத்தார்

இரு நண்பர்களின் கருத்தையும் மதிக்கிறேன். எனினும் ஓர் எச்சரிக்கை. பயிற்சியின் பெருமையைப் பேசும்போது நாடாக்களின் அவசரம் பின்னுக்குப் போய்விடக் கூடாது. ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 அன்று எரிந்தபோது, பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் களக் குறிப்புகளும் அழிந்துபோயின. அவற்றுள் இன்று பேசுவோர் எவருமே இல்லாத மொழிகளின் பதிவுகளும் அடக்கம். அந்த இழப்பை எந்த ஆசிரியரும் எந்த மாணவரும் ஈடுசெய்ய முடியாது. நாடாவில் இருப்பவர்கள் மறைந்துவிட்டவர்கள்; அவர்களின் பாட வேறுபாடுகள் எஞ்சியிருக்கும் மூவருக்கும் கூடத் தெரியாமல் இருக்கலாம்.

---

திறந்தவெளி

எனக்கு ஒன்று புரியவில்லை. எல்லாவற்றையும் யூடியூபில் பொதுவில் ஏற்றிவிட்டால் என்ன? செலவில்லை, உலகமெங்கும் கேட்பார்கள், எங்கோ ஒரு மூலையில் ஓர் இளைஞர் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளக்கூடும். பெட்டிக்குள் பூட்டிவைத்த மரபுகள்தாமே அழிந்தன?

---

மொழிநேயர்

திறந்தவெளி அவர்களே, உங்கள் கேள்வி நல்லெண்ணத்தில் எழுந்தது. நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டவன். இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இதில் கலந்திருக்கின்றன.

முதலாவது, பொதுத் தளம் காப்பகம் ஆகாது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் மக்கள் பல ஆண்டுகளாக ஏற்றிய கோடிக்கணக்கான பாடல்கள் ஒரு சேவையக மாற்றத்தின்போது அழிந்துபோனது 2019இல் தெரியவந்தது. பெரிய நூலகங்கள் மட்டும் பாதுகாப்பானவையா என்றால் அதுவும் இல்லை. பிரித்தானிய நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் டிஜிட்டல் தொகுப்புகள் பலவற்றை மாதக்கணக்கில் யாராலும் பார்க்க முடியவில்லை. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒரு படியாவது வேறோர் ஊரில் என்ற பழைய விதியைத்தான் நான் இன்றும் நம்புகிறேன்.

இரண்டாவது, உரிமை. இதுதான் என்னை அதிகம் வாட்டுகிற சிக்கல். 1890இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்பவர், எடிசனின் மெழுகு உருளைக் கருவியோடு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்குச் சென்று, பாஸமக்வாடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் பதிவுசெய்தார். களத்தில் செய்யப்பட்ட ஒலிப்பதிவுகளில் மிகத் தொன்மையானவை அவை. ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடம்தான் பதியும். 31 உருளைகள் எஞ்சின. அந்த மக்களுக்குத் தங்கள் முன்னோரின் குரல் படிகளாகக் கிடைக்கவே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அண்மையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புதிய தொழில்நுட்பத்தால் அவற்றை மேலும் தெளிவாக டிஜிட்டலாக மாற்றியபோது, எவற்றைப் பொதுவில் கேட்கலாம், எவை தங்களுக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்பதை அந்த மக்களே முடிவுசெய்தார்கள். பதிவுகளின் விவரக் குறிப்புகளிலும் அவர்களின் விளக்கமும் நிபந்தனைகளும் இடம்பெற்றிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு இணைந்து உருவான முகுர்த்து என்ற கட்டற்ற மென்பொருளும் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் வழக்கப்படியே அதில் வகுத்துக்கொள்ளலாம். பழைய_நாடா அவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: உங்கள் நாடாக்களில் பாடியவர்களின் குடும்பத்தினரைக் கண்டு பேசினீர்களா? குறிப்பிட்ட வேளையில் மட்டுமே பாட வேண்டியவை, சடங்குக்கு வெளியே பாடக் கூடாதவை ஏதேனும் அவற்றில் இருக்கின்றனவா?

---

திறந்தவெளி

இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. பொதுவில் ஏற்றிவிட்டுப் பிறகு நீக்கினாலும் அது நீங்கியதாக ஆகாது என்பது இப்போது உறைக்கிறது. ஆயினும் எல்லாவற்றையும் மறைத்து வைக்க வேண்டியதில்லை என்ற என் எண்ணம் மாறவில்லை. குடும்பத்தினர் மனமுவந்து ஒப்புக்கொண்டவற்றையாவது உலகம் கேட்கட்டும்.

---

நிரலாளர்

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நியூசிலாந்தின் வடகோடியில் தெ ஹிக்கு என்ற மாவோரி மொழி ஊடக அமைப்பு உண்டு. மூத்தவர்களின் பேச்சடங்கிய அவர்களது வானொலித் தொகுப்பை எழுத்தாக்க ஆட்கள் போதவில்லை. 2018இல் மக்களிடம் வேண்டுகோள் விடுத்து, வாக்கியங்களைப் படித்துக் குரல் தருமாறு கேட்டார்கள். பத்தே நாட்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சு சேர்ந்தது. அதைக் கொண்டு தங்கள் மொழிக்கான பேச்சுணர் கருவியைத் தாங்களே உருவாக்கினார்கள். அந்தத் தரவைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைக்க மறுத்து, காப்பாளர் பொறுப்பை மையமாகக் கொண்ட தனி உரிமமும் வகுத்தார்கள்.

பழைய_நாடாவின் குழுவுக்கு இந்த அளவு வேண்டியதில்லை. ஆனால் எழுத்தாக்கம்தான் இத்தகைய பணிகள் பலவும் மூச்சுத்திணறி நிற்கும் இடம் என்பதை மனத்தில் வையுங்கள். ஒரு மணி நேரப் பாடலைப் பேச்சுவழக்குச் சொற்களோடு எழுத்தாக்க எனக்கு இரண்டு முழு நாட்கள் தேவைப்பட்டன. கருவி ஒரு முதல் வரைவைத் தரும். பொதுவழக்கில் இல்லாத சொல் வருமிடத்தில் எல்லாம், அதற்குத் தெரிந்த வேறொரு சொல்லைத் தயக்கமின்றி எழுதிவிடும். அழிந்துவரும் மரபில் நமக்கு வேண்டியதே அந்தப் பொதுவழக்கில் இல்லாத சொற்கள்தாம். ஆகவே மரபறிந்த ஒருவர் சரிபார்க்காத வரைவை மூலமாகக் கொள்ளாதீர்கள்.

மறைந்த கலைஞரின் குரலைச் செயற்கையாக உருவாக்கிப் புதிதாகப் பாடவைப்பதைப் பற்றி என்னிடம் சிலர் கேட்கிறார்கள். அதை நான் செய்ய மாட்டேன். அவர் பாடாத ஒன்று அவர் பாடியதாகத் தொகுப்புக்குள் நுழைந்துவிட்டால், ஐம்பது ஆண்டுகள் கழித்து எவராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

---

காப்பகத்தார்

எழுத்தாக்கம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதோடு ஒரு சிறு சேர்க்கை: விவரக் குறிப்புகளைத் தனித்ததொரு மென்பொருளுக்குள் மட்டும் அடைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டின் டோம்ஸ்டே கணக்கெடுப்பு நூலுக்கு 900 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 1986இல் பிபிசி ஒரு புதிய கணக்கெடுப்பைச் செய்து லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. தனி ஆய்வுத் திட்டங்கள் அமைத்துத்தான் அதை மீட்டார்கள். 1086இன் தோல் ஏடுகளை இன்றும் கண்ணால் படிக்கலாம். எளிய உரைக் கோப்பில் ஒரு பட்டியல், அதைத் தாளில் அச்சிட்டு நாடாப் பெட்டியோடு ஒரு படி, இவ்வளவு போதும்.

---

கற்றுக்குட்டி

காப்பகத்தாரின் எச்சரிக்கையைப் படித்த பிறகு இரண்டு நாட்கள் யோசித்தேன். நாடாக்களும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதுபோல் நான் எழுதிவிட்டேன், அது சரியன்று. நாடாவை ஓட்டும் அந்த 240 மணி நேரமும் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும் என்று அவரே சொன்னார். அந்த ஒருவர் ஏன் தொழில்நுட்பம் அறிந்த தன்னார்வலராக மட்டும் இருக்க வேண்டும்? மூத்த கலைஞர்களில் ஒருவரையும் மாணவர்களில் ஒருவரையும் அருகில் அமர்த்துங்கள். மூத்தவர் எங்கே தலையசைக்கிறார், எங்கே "இது இப்படியில்லை" என்கிறார், எந்த வரியைத் தாமும் சேர்ந்து பாடுகிறார் என்பதை மற்றொரு கருவியில் பதிவுசெய்யுங்கள். நாடா ஒருமுறை ஓடும் நேரத்தில் டிஜிட்டல் படியும் கிடைக்கும், விளக்கமும் கிடைக்கும், ஒரு வகுப்பும் நடந்துவிடும். முதியவர்களால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர இயலாது என்பது உண்மைதான். எனவே எல்லா நாடாக்களுக்கும் இது கைகூடாது. அவர்களையே கேட்டு, தாங்கள் நேரில் அறிந்த பாடகர்களின் நாடாக்களை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மரபுக் காப்பு குறித்து யுனெஸ்கோ 2003இல் ஏற்ற உடன்படிக்கையும் ஆவணப்படுத்தலைப் பல வழிகளுள் ஒன்றாகத்தான் வைக்கிறது. அதே வரிசையில் அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதும் இருக்கிறது.

---

பழைய_நாடா

பதிலளித்த ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

குழுவைக் கூட்டி இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். உயர்தரப் படப்பிடிப்பு என்ற எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம். பாடியவர்களின் குடும்பங்களில் பதினொன்றைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு குடும்பத்தினர், தங்கள் தந்தையார் இறுதிச் சடங்கில் மட்டுமே பாடிய பகுதி நாடாவில் இருப்பதை எங்களிடம் கேட்டுத்தான் அறிந்தார்கள். அதை மாணவர்கள் கேட்கலாம், வெளியில் தரக் கூடாது என்றார்கள். அப்படியே குறிப்பில் எழுதி, அந்தக் கோப்பைத் தனியே வைத்திருக்கிறோம். மற்றக் குடும்பங்களுள் ஆறு, பொதுவில் வெளியிட முழுமனத்தோடு ஒப்புதல் தந்திருக்கின்றன. திறந்தவெளி அவர்கள் மகிழ்வார்கள் என்று நம்புகிறேன்.

இதுவரை 38 நாடாக்கள் முடிந்துள்ளன. அவற்றில் 14 நாடாக்களை மூத்தவர்களோடு அமர்ந்து ஓட்டினோம். ஒன்பதாவது அமர்வில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு பாடலின் நடுவே ஏறத்தாழ எட்டு நொடிகள் எந்த ஒலியும் இல்லை. முன்பு பட்டியலிட்டவர்கள் அதைப் 'பதிவுத் தடங்கல்' என்று குறித்திருந்தார்கள். எங்கள் தன்னார்வலர் ஒருவர், கேட்பவர்களுக்கு வசதியாக அதை வெட்டிவிடலாமா என்றுகூட முன்னரே கேட்டிருந்தார். நாடா அந்த இடத்துக்கு வந்ததும் பெரியவர் கையை உயர்த்தி அனைவரையும் பேசாதிருக்கச் செய்தார். ஒலி மீண்டும் எழுந்த பிறகு சொன்னார்: கதையில் தாய் கதவைத் திறக்கும் இடம் அது; உள்ளே என்ன காண்கிறாள் என்பதைப் பாடகர் உடனே சொல்லக் கூடாது; கேட்பவர்கள் மூச்சை அடக்கும் வரை காத்திருக்க வேண்டும்; எவ்வளவு நேரம் என்பதை எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அருகில் இருந்த மாணவி அந்தப் பகுதியை அப்போதே பாடிப் பார்த்தார். மூன்றாவது நொடியிலேயே அடுத்த வரியைத் தொடங்கிவிட்டார். பெரியவர் நிறுத்தி, மறுபடியும் பாடச் சொன்னார். ஐந்து முறை நிறுத்தினார். ஐந்தும் இரண்டு கைப்பேசிகளிலும் பதிவாகியிருக்கின்றன. நாடாவின் விவரக் குறிப்பில் 'பதிவுத் தடங்கல்' என்பதை அடித்துவிட்டு, பெரியவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.